செங்கம்: ஒரு போல்ட் புராணம்

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செங்கத்தைத் தூக்கத்திலேயே கடந்துவிடுகிறார்கள். பஸ் நிற்கும். யாரோ முறுக்கு, கடலை என்று கூவுவார்கள். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அண்ணாமலை வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். "இன்னும் முப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கு" என்பார் கண்டக்டர். திறந்த கண் மூடிக்கொள்ளும்.

ஆனால் சுற்றுலா வழிகாட்டி என்ற சமாசாரத்துக்கே இந்த ஊர் முன்னோடி, தெரியுமோ? பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தர், எதிரே வருகிற கூத்தருக்கு வழி சொல்கிறார். எந்தப் பக்கம் திரும்பணும், எங்கே தங்கலாம், என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பான், எங்கே தினைக்காவலன் கவண் கல் விடுவான்... எல்லாம் உண்டு. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வருகிற சேயாறு இன்றும் ஊரை ஒட்டியே போகிறது, தண்ணீர் இருக்கிற மாதங்களில்.

மலையை ஒரு யானையாக வைத்து, அதில் எழும் ஓசைகளை எல்லாம் அந்தப் பாட்டு அடுக்குகிறது. அருவி ஓசை, குறவர் ஓசை, விலங்குகளின் ஓசை. அதில் சேராத ஒரு ஓசையை நான் போன தடவை கேட்டேன். சுத்தியல் ஓசை. அதுவும் என் மாமனார் வண்டியின் வயிற்றில்!

மாமனார் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவருடைய ஹீரோ ஹோண்டா சி.டி.100 மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. 1985-ல் அந்த மாடல் வந்தபோது, பெட்ரோலைப் போடு, மூடு, மறந்துவிடு என்கிற பாணியில் விளம்பரம் செய்தார்கள். நம் ஜனங்கள் அதை ரொம்பவும் நம்பிவிட்டார்கள். பெட்ரோலோடு சேர்த்து ஆயிலையும் மறந்தார்கள். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து 2011-ல் கம்பெனி பெயரே மாறிவிட்டது. வண்டி மட்டும் கிராமம் கிராமமாகப் பால் கேனும் வைக்கோலும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

என் மச்சானுக்கு ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பரமனந்தல் தாண்டி ஜமுனாமரத்தூர் பக்கம் ஏறுகிற ரோடு. அவன் போக வேண்டிய கிராமத்துக்கு பஸ் வருகிற நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமும் ஜென்மப் பகை. புது வண்டி என்றால் லட்சத்தை நெருங்குகிறது. கடன் வாங்கினால் முதல் வருஷச் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும் என்று, பி.காம். படித்த பாவத்துக்கு, நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஆக, அப்பா வண்டிதான் கதி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபதிவும் முடிந்திருந்தது.

அத்தை மட்டும் ஒப்பவில்லை. "பழைய இரும்புக்காரன் ரெண்டு வாட்டி வந்துட்டுப் போயிட்டான், மாப்ள. மலை ஏறச்சொல்லோ நடுவுல நின்னுட்டா என் புள்ள இன்னா பண்ணுவான்?" என்றார். நியாயமான கேள்வி.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பெட்ரோல் ஊற்றி உதைத்ததில் வண்டி கிளம்பிவிட்டது. ஆயில்தான் தார் மாதிரி இருந்தது. மாற்றாமல் மலை ஏற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மாற்றலாம் என்று பார்த்தால் அடியில் இருக்கிற டிரெய்ன் போல்ட் அசையவே மாட்டேன் என்றது.

அது சாதாரணமாக 17-ம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற தலை. யாரோ ஒரு மகானுபாவர் (எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்) ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டு உருட்டி, ஆறு மூலையையும் மழுக்கி, ஏறக்குறைய கோலிக்குண்டு ஆக்கி வைத்திருந்தார். போதாக்குறைக்கு மச்சான் இரண்டு சாயங்காலம் மல்லுக்கட்டியிருந்தான். ஒரு நீளமான பைப்பைச் சொருகி, வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, மேலேயிருந்து எட்டிப் பார்த்தபடி இடப்பக்கமாகத் திருப்பியிருக்கிறான். போல்ட்டின் தலையோ தரையைப் பார்க்கிறது! கீழே படுத்து நேருக்கு நேர் பார்த்தால்தான் இடம் இடம். மேலேயிருந்து பார்த்தால் இடம் வலம். ஆக, இரண்டு நாளும் அவன் கழற்றவில்லை, முறுக்கியிருக்கிறான். நாட்டில் டிரெய்ன் போல்ட் இறுகிப்போவதில் பாதி இப்படித்தான் என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னார். மச்சான் அறிவியல் வாத்தியார் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது அந்த ஒர்க் ஷாப். மெக்கானிக் பாய்க்கு அறுபது வயசு இருக்கும். வண்டியை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் மண்ணில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "துரு இல்ல சார்" என்றார்.

"நாலு வருஷம் நின்ன வண்டி பாய்..."

"உள்ள ஆயில்லயே ஊறிக்கினு இருக்கற மரைக்கு எப்படி சார் துரு ஏறும்? இது டைட் பண்ண தோஷம். போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம். ரெண்டையும் சண்டைக்கு விட்டா யாரு சாவா?"

அலுமினியம்தான். மரை அறுந்தால் சரிசெய்ய லேத்துக்குப் போக வேண்டும். கேஸில் கீறல் விட்டால் இன்ஜின் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும். அப்படிச் செலவு செய்வதைவிடப் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவது லாபம். டெபிட், கிரெடிட் இரண்டும் எனக்குப் புரிந்தது. மச்சான் முகம் வெளிறியது.

பாய் முதலில் பைப்பைப் பிடுங்கி மூலையில் போட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டார். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிடி கொஞ்சம் தளரும். கேஸ் லைட்டரோ நெருப்போ கிட்டேயே வரக்கூடாது, மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்று பையனுக்கு ஒரு அதட்டல்.

இன்ஜின் சூடாகிற நேரத்தில் டீ வந்தது. குடித்துக்கொண்டே நடுகல் பேச்சை எடுத்தேன். 'செங்கம் நடுகற்கள்' என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் ஒரு புத்தகமே போட்டது. இந்த வட்டாரத்தில் அத்தனை வீரக்கற்கள். அதில் எனக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போன கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்துப்போகிறான். பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டு, எஜமானின் உடம்பை விட்டு நகராமல் காவல் இருந்ததாம். 1767 செப்டம்பரில் இதே செங்கத்தில் ஹைதர் அலி படையும் கர்னல் ஸ்மித் படையும் மோதின. அந்தச் சண்டையில் செத்த சிப்பாய்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இந்த நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் கல்லில் இருக்கிறது.

"எங்க நைனாகூட அப்படித்தான், வண்டிய விட்டு நகர மாட்டாரு" என்றான் மச்சான் திடீரென்று. நாயோடு ஒப்பிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு பாய் படுத்தார். மழுங்கிய தலையை அரத்தால் எதிரெதிர்ப் பக்கமாக ராவினார், அரை அரை மில்லி. 17 இப்போது 16 ஆனது. ஆறு மூலை உள்ள 16-ம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனரை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு, கச்சிதமாக ஏறிக்கொண்டது. (பன்னிரண்டு மூலை ஸ்பேனர் இந்த மாதிரித் தலையில் வழுக்கிவிடுமாம்.) அப்புறம் ஸ்பேனரின் பின்பக்கத்தில், போல்ட்டுக்கு நேராக, அளவாக இன்னும் இரண்டு மூன்று தட்டு. நசுங்கிக் கிடக்கிற வாஷரும் மரையும் அந்த அதிர்ச்சியில்தான் விட்டுக்கொடுக்கும் என்றார். கைப்பிடியை முதலில் மயிரிழை அளவு முறுக்குகிற பக்கம் அசைத்தார். "என்ன பாய்!" என்று மச்சான் அலறினான். அவர் பதில் சொல்லவில்லை. இடது கையால் கைப்பிடியைத் தாங்கிக்கொண்டு, வலது உள்ளங்கையால் கழற்றுகிற பக்கம் ஒரே ஒரு அறை.

டக்!

அலுமினியம் உடைந்ததா, போல்ட் விட்டதா? ஒரு விநாடிக்கு யாரும் மூச்சு விடவில்லை. பாய் விரலாலேயே போல்ட்டைத் திருப்ப ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கறுப்பு எண்ணெய் மெல்லிய நூலாக இறங்கிப் பிறகு கொட்டியது. பையன் தயாராகக் கேனைப் பிடித்தான். சாக்கடையில் ஊற்றினால் மழைக்குச் சேயாற்றுக்குத்தான் போகும் என்று கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குகிறவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

போல்ட்டைத் துடைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு வாஷர்! பழையது ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதுசு போட்டு, ஒழுகாமல் இருக்கட்டும் என்று உயிரைக் கொடுத்து முறுக்கியிருக்கிறார் அந்த மகானுபாவர். மரை பிழைத்திருந்தது. புது போல்ட், ஒரே ஒரு வாஷர். பாய் முதலில் கையாலேயே கடைசி வரை ஏற்றினார். பிறகு குட்டை ஸ்பேனரால் ஒரு கை இழுப்பு, அவ்வளவுதான். ஆயில் ஊற்றி, வண்டியை நேராக நிறுத்தி, குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே விட்டு அளவு பார்த்தார்.

அவர் கேட்ட கூலியைக் கேட்டு, கூட நூறு ரூபாய் வைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். "இந்த ஆயில் அழுக்க எடுத்துக்கினு வரும் சார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடியும் மாத்தணும், அப்ப குடுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை அத்தை விபூதி பூசியது மச்சானுக்கா, வண்டிக்கா என்று தெரியவில்லை. இரண்டு நெற்றியிலும் இருந்தது. பத்து நாள் கழித்து மலைமேலிருந்து போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"மாமா, சாமைச் சோறு நல்லா இருக்கு. பசங்க நல்லாப் படிக்கறாங்க."

"வண்டி?"

"ஒரு சொட்டு ஒழுகல மாமா. தினமும் ராத்திரி அடியில ஒரு பேப்பர் விரிச்சுட்டுத்தான் தூங்கறேன். காலைல பார்த்தா பேப்பர் பளிச்னு இருக்கு."

எந்தப் பத்திரிகை, எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.