காப்பும் காற்றும்

எங்கள் ஊராகிய திருப்பருத்திக்குன்றத்தின் பெயரில் குன்றம் உண்டு. மலையின் குளிர்ச்சி இல்லை. இத்தகைய வெப்பச் சமவெளியில் மலைச்செடியை வளர்க்க இயலுமா என்று மாணவர்கள் என்னிடம் வினவுவதுண்டு. அச்செடி எதற்கு அஞ்சுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்பதே என் விடை.

உயர்மலைச்செடிகள் குளிருக்கு அஞ்சுபவை அல்ல. ஆல்ப்ஸ் மலையின் உயரங்களில் அவை குளிர்காலம் முழுவதும் பனிப்போர்வையின்கீழ் ஈரம் மிகாமல் உறங்குகின்றன. அவற்றையே இங்கிலாந்தின் சமவெளியில் நட்டால், குளிர்கால மழையின் ஈரத்தில் அழுகிவிடக்கூடும். ஆதலால் அங்குள்ள தோட்டக்கலைஞர்கள் தாழ்வான சட்டம் அமைத்து, மேலே கண்ணாடியிட்டு, பக்கங்களைத் திறந்து வைக்கின்றனர். மழையைத் தடுப்பதும் காற்றை விடுவதுமே அச்சட்டத்தின் பணி. வெப்பம் ஊட்டுவது அன்று.

இதற்கு மாறானது, 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு கண்ட மூடிய கண்ணாடிப் பேழை. அதனுள் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணில் இறங்கும். எனவே நெடுங்கடற்பயணத்திலும் செடிகள் உப்புக்காற்றுக்கும் வறட்சிக்கும் தப்பின. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சின்கோனா, ஆண்டிஸ் மலைச்சாரலிலிருந்து இத்தகைய பேழைகளில் நீலகிரிக்கு வந்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொணர்ந்த நாற்றுகள் பயண வெப்பத்தால் நலிந்து மடிந்தன. 1861இல் ஈக்வடாரிலிருந்து வந்தவை பிழைத்தன; உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவர் அவற்றைப் பேணிப் பெருக்கினார். வறட்சியை வென்ற பேழையால் வெப்பத்தை வெல்ல இயலவில்லை.

காஞ்சியின் கோடையில் கண்ணாடியால் மூடினால் செடி வெந்துவிடும். இங்கு வேண்டுவன நிழல்வலை, காற்றோட்டம், நீர் தேங்காத மண் ஆகியவை. என் வீட்டு மாடியில் இம்மூன்றையும் அமைத்துள்ளேன். அவை பகல் வெயிலைத் தணிக்கின்றன. மலையின் குளிர்ந்த இரவைத் தருவதில்லை.

அந்த இரவும் இன்று மலையிலேயே மாறிவருகிறது. புவி வெப்பமடையும்போது, சரிவில் வாழும் செடியினம் தலைமுறை தலைமுறையாக மேல்நோக்கி நகரக்கூடும். உச்சிப் புல்வெளியில் வாழும் செடிக்கோ அதற்குமேல் நகர நிலமில்லை. அதற்கு அம்மலையே காப்புச் சட்டம். அதற்கு மாற்றாக எந்தக் கண்ணாடியும் எந்த வலையும் அமையா.

ஆதலால், உதகைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: செடியைப் பிடுங்கி வாராதீர்கள், அதன் பெயரையும் அது நின்ற மண்ணின் இயல்பையும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.