ராச்சஸ்டர் கோட்டையின் உருண்டை மூலை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மெட்வே ஆற்றங்கரையில் நிற்கிறது ராச்சஸ்டர் கோட்டை. அதன் நடுக்கோபுரத்தின் நான்கு மூலைகளில் மூன்று சதுரமானவை, தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக உச்சிக்கு ஏறி, ஆற்றையும் பேராலயத்தையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கோ அந்த உருண்டை மூலைதான் கோட்டையின் உயிர். பூமிக்கடியில் சிலர் செய்த வேலைக்கு மேலே மிஞ்சி நிற்கும் ஒரே சாட்சி அது.

1127இல் மன்னர் முதலாம் ஹென்றி இந்தக் கோட்டையைக் கேன்டர்பரி பேராயருக்குக் கொடுத்தார். கோபுரத்தை எழுப்பியவர் அந்தப் பேராயரான வில்லியம் டி கோர்பெய்ல். கைப்பிடிச் சுவர் வரை 113 அடி உயரம். அடியில் சுவரின் கனம் 12 அடி வரை. 1215 ஜூனில் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்துக்கு இசைந்த ஜான் மன்னர் விரைவிலேயே வாக்கு மாற, கிளர்ந்தெழுந்த பிரபுக்கள் அக்டோபரில் ராச்சஸ்டருக்குள் புகுந்துகொண்டார்கள். மன்னர் கொண்டுவந்த கல்லெறி பொறிகள் இந்தச் சுவரிடம் தோற்றன. பிறகு வேலை சுரங்கம் தோண்டுகிறவர்கள் கைக்குப் போனது. இரவு பகலாகக் குந்தாலி அடித்து அனுப்பும்படி கேன்டர்பரிக்கு முன்பே அரச ஆணை பறந்திருந்தது.

அவர்கள் செய்ததை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். சுவருக்கு அடியில் குடைந்து, கடைக்கால் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறார்கள். பெயர்த்த இடத்தில் உடனே மரமுட்டு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் எதிரியின் கோட்டை முதலில் இவர்கள் தலைமேல்தான் இறங்கும். இடிக்க வந்தவர்களே, இடிக்கும் நாள்வரை அந்தச் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்! கடைசியில் குழியில் விறகை அடைத்துத் தீ வைத்துவிட்டு வெளியேற வேண்டும். முட்டுகள் எரிந்தால் மேலே இருக்கும் கல் தன் பாரத்தாலேயே சரியும்.

அந்தத் தீக்கு ஜான் கேட்ட பொருள்தான் புகழ்பெற்றது. நவம்பர் 25ஆம் தேதி தன் அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு அவர் எழுதிய கடிதத்தில், கோபுரத்தின் அடியில் நெருப்பு மூட்ட 40 பன்றிகளை அனுப்பச் சொல்கிறார். நல்ல கொழுப்பு இருக்க வேண்டும், சாப்பிடுவதற்கு அவ்வளவு உகந்ததாக இல்லாவிட்டாலும் போதும் என்று தரமும் குறிக்கிறார். கெட்டியான முட்டுகளை முழுக்க எரிக்க நீடித்த சூடு வேண்டும். அதைக் கொழுப்பு தந்தது. பன்றிகளை உயிரோடு சுரங்கத்துக்குள் விரட்டினார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. கடிதத்தில் அதற்கு ஒரு சொல்கூட ஆதாரமில்லை. எனக்கு உறுத்துவது வேறு: பன்றிக்குக்கூட எண்ணிக்கை உண்டு, தரம் உண்டு. உள்ளே இறங்கியவர்கள் எத்தனை பேர், யார் யார் என்பதற்குக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இன்றும் கதை சொல்கிறவர்கள் பன்றிகளைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள்.

தென்கிழக்கு மூலை இடிந்து விழுந்தது. ஆனாலும் கோட்டை உடனே பணியவில்லை. கோபுரத்தை உள்ளே இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, உள்ளிருந்தவர்கள் எஞ்சிய பாதியிலிருந்தே போரிட்டார்கள். குதிரைகளையும் தின்று தீர்த்த பிறகு, நவம்பர் 30இல் பசிதான் அவர்களை வெளியே கொண்டுவந்தது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் இடிந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது உருண்டையாகக் கட்டினார்கள். சதுர மூலைதான் குந்தாலிக்கு எளிதில் இடம் கொடுக்கும் என்ற பாடம் அதற்குள் பரவியிருந்தது.

இந்தக் குறுக்குச் சுவரை இன்று போய்ப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் உள்ளிருந்த மரச்சட்டங்களை விற்றுவிட்டார்கள். அன்று போன தளங்களும் கூரையும் திரும்பவில்லை. வளைவுகளில் நார்மன் சிற்பிகள் செதுக்கிய நெளிகோட்டு வேலைப்பாடு மழையில் கரைகிறது. நிற்கத் தளம் இல்லாததால், மூலை சரிந்தபோது எந்த அறை போயிற்று, மிச்சமிருந்தவர்கள் எங்கே நின்று தடுத்தார்கள் என்பதைப் பார்ப்பவர் ஊகிக்கவே முடியாது. அவ்வப்போது பூச்சு பார்ப்பதெல்லாம் பராமரிப்பு ஆகாது. இங்கிலாந்திலேயே நாரிச் கோட்டையில் நார்மன் காலத் தளமட்டங்களை மீட்டு 2025இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ராச்சஸ்டருக்கும் கூரை போட வேண்டும், அந்தச் செதுக்கல்கள் அடையாளம் தெரியாமல் போவதற்கு முன்பே.