200 சதுர அடி மண்

சென்னையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் 200 சதுர அடி; அரை சென்ட் கூட வராது. ஒரு முருங்கை, ஒரு வாழை, இரண்டு பாத்தி கீரை. அவ்வளவுதான் அம்மாவின் பண்ணை!

"சிமெண்ட் போட்டுட்டா வண்டி நிறுத்தலாம்டா" என்று அப்பா ஆரம்பித்தார். சிவில் படிக்கிற என்னையே எஸ்டிமேட் போடச் சொன்னார். ஜல்லி, மணல், சிமெண்ட், கூலி எல்லாம் எழுதினேன். கூடவே இன்னொரு தாளும் எழுதினேன். 10 மி.மீ. மழை பெய்தால் இந்த இடத்தில் விழுவது சுமார் 185 லிட்டர். சிமெண்ட் தரை போட்டால் பெரும்பகுதி தெருவுக்குத்தான் ஓடும். சிறுகீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வாழைக்கு அரிசி, காய் கழுவின தண்ணீரே போகிறது.

2019 கோடையில் எங்கள் தெருவே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. அப்போதும் முருங்கை துளிர்த்தது. பொரியலுக்குக் கீரை கிடைத்தது.

இரண்டு தாளையும் பார்த்த அப்பா, "பாதி மட்டும் போடலாமா?" என்றார். "எந்தப் பாதி?" என்றார் அம்மா. பேச்சு இன்னும் முடியவில்லை.

நாளைக்கு எத்தனையோ வீடுகளுக்கு நாம் பிளான் வரையப் போகிறோம். மண்ணுக்கும் நாலடி விட்டு வரைவோமா, நண்பர்களே?