கல்லீரலின் கட்டுச்சோறு

‘மன அழுத்த ஹார்மோன்’ என்றதும் தேர்வுக்கு முந்திய இரவுதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால், நாம் பிழைத்துப் பிறக்கவே கார்ட்டிசோல் என்ற அந்தச் சுரப்பு தேவைப்பட்டது. பிரசவம் நெருங்க நெருங்கக் கருவின் உடலில் அது பெருகுகிறது. நுரையீரல் காற்றுக்குத் தயாராகிறது. கல்லீரல் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது, குளுக்கோஸைத் தானே தயாரிக்கவும் பழகுகிறது. தொப்புள்கொடியை வெட்டியபின், பால் கிடைக்கும்வரை பிள்ளைக்கு அதுதான் கட்டுச்சோறு.

குறைமாதப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு முடிந்திருக்காது. நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ், பிரசவ வலியைத் தொடக்குவது எது என்று ஆட்டுக்குட்டிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். செயற்கை ஸ்டீராய்டு பெற்று, நாள் நிறையாமல் பிறந்த குட்டிகள் மூச்சுவிட்டதை 1969இல் எழுதினார். தேடியது ஒன்று, கிடைத்தது வேறு! 1972இல் அவரும் ஹோவியும் 282 தாய்மார்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். அந்த ஊசிதான் இன்றும் போடப்படுகிறது.

என் அக்காவுக்கும் போட்டார்கள். 31ஆம் வாரத்திலேயே வலி கண்டு, மருத்துவமனையில் சேர்த்த அன்று ஓர் ஊசி, மறுநாள் ஒன்று. “நீ உயிரியல்தானே படிக்கிற? இது பிள்ளைக்கு ஆகுமா, பின்னால ஏதும் வருமா?” என்று அம்மா என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் இனிப்பு நீர். அம்மாவின் ‘பின்னால’ எதைக் குறித்தது என்று எனக்குப் புரிந்தது.

அம்மாவின் பயம் வெறும் பயமல்ல. தாயின் கார்ட்டிசோல் கருவுக்குள் அளவின்றி நுழையாதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் காக்கிறது. கடந்து செல்லும் சுரப்பில் பெரும்பகுதியை அது செயலிழக்கச் செய்துவிடும். செயற்கை ஸ்டீராய்டு மட்டும் அந்தக் காவலுக்கு எளிதில் அகப்படாது. எடின்பரோ ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சினை எலிகளுக்குக் கடைசி வாரத்தில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள். குட்டிகள் எடை குறைந்து பிறந்தன. வளர்ந்தபின் அவற்றின் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. குளுக்கோஸ் தயாரிக்கும் முக்கிய நொதி ஒன்று கல்லீரலில் கூடியது கூடியபடியே நின்றுவிட்டது. மருந்து நின்று மாதங்கள் ஆகியும் கல்லீரல் அதை மறக்கவில்லை!

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். எலியின் சினைக்காலமே ஏறக்குறைய 22 நாள். அதில் ஒரு வாரம் என்பது மூன்றில் ஒரு பங்கு. அக்காவுக்கோ இரண்டே ஊசி. மேலும், ஆக்லாந்துப் பிள்ளைகளையே பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 30 வயதில் சர்க்கரைக் கரைசல் கொடுத்துச் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களிடம் இன்சுலின் சற்றே கூடுதலாகச் சுரந்தது, நீரிழிவு கூடவில்லை. 50 வயதை எட்டியவர்களைப் பற்றி 2024இல் வந்த ஆய்வும் இதய நோய் ஆபத்து கூடவில்லை என்றே சொல்கிறது. எலியை அப்படியே மனிதனாக்கிப் பயமுறுத்தும் கட்டுரைகள்மேல் எனக்குக் கோபமே வந்தது. அதற்காக எலிகள் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. மருந்தை மீண்டும் மீண்டும் கொடுத்தால் மனிதக் குழந்தைகளின் பிறப்பு எடையும் குறைகிறது என்பதை 2008இல் வந்த சோதனை காட்டியது.

அம்மாவிடம், “மூச்சு முதலில், சர்க்கரை பிறகு” என்றேன். “பிறகுன்னா எப்போ?” என்றார். குழந்தைக்கு அப்போது மூன்று நாள். எடை ஒன்றரைக் கிலோ.