மலைச்சரிவில் ஓர் ஐஸ் பெட்டி

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் பயணம் முடித்து வீடு திரும்பிய அன்று இரவு, அம்மாவின் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தேன். 16.8 என்று காட்டியது. வழக்கமாக 8, 9 என்று இருப்பவர். இயந்திரம் தவறாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு விரலிலும் குத்தினேன். அதே கதைதான்.

"பயணத்துல ஊசி போட்டீங்களாம்மா?"

"போட்டேன் தம்பி. ஒரு வேளைகூட விடலை."

"பின்ன ஏன் இப்படி?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேன்ல இருக்குற ஐஸ் பெட்டி ரெண்டாம் நாளே குளிரலைப்பா. சொன்னா வண்டியைத் திருப்பிடுவியேன்னு சொல்லலை."

எங்கள் கேம்பர் வேன் இரண்டாம் கை வண்டி. வெளிநாட்டிலிருந்து வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அடிக்கடி கழிவறை போக வேண்டும். பேருந்தும் ஒத்துவராது, ஹோட்டல் மாடிப்படியும் ஒத்துவராது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருந்தால் அவரையும் நாலு இடம் கூட்டிப் போகலாம் என்றுதான் நானும் மனைவியும் சேமிப்பைப் போட்டு வாங்கினோம். அதில் இருந்த ஐஸ் பெட்டியை விற்றவர் பெருமையாகக் காட்டினார். கேஸிலும் ஓடும், வண்டி பேட்டரியிலும் ஓடும், வீட்டுக் கரண்டிலும் ஓடும். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போனோம். மீதமிருந்த இன்சுலின் பேனாக்களைத் தாதியிடம் காட்டினேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் நண்பகல் வெயிலில் கதவடைத்து நின்ற வேனுக்குள் எத்தனை டிகிரி ஏறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? "தெரியாததை உடம்புக்குள்ள ஏத்த வேண்டாம்" என்று தாதி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிது கொடுத்தார். சர்க்கரை ஏறியது இன்சுலின் கெட்டதாலா, வழியெல்லாம் சாப்பிட்ட பலகாரத்தாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எனக்கு மட்டும் அந்தப் பச்சை விளக்கே கண்முன் நின்றது. நான் பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் பொறியாளன். தொழிற்சாலையில் நாள் முழுக்க வெப்ப அளவு பார்க்கிறவன், என் தாயின் மருந்து இருந்த பெட்டிக்குள் பத்து வெள்ளி வெப்பமானி ஒன்றை வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், எங்கள் பகுதியில் ஏர்கோன், ஐஸ் பெட்டி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரை அழைத்தேன். அவர் வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வேனின் தரையில் வைத்தார். குமிழி ஒரு பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.

"தம்பி, வண்டி எப்பவும் இங்கதான் நிக்குமா?"

"ஆமாண்ணே."

"பெட்டியும் ஓடிக்கிட்டே இருக்குமா?"

ஆயர் ஈத்தாமை அறிந்தவர்களுக்கு எங்கள் வீட்டு வாசலை விவரிக்க வேண்டியதில்லை. கெக் லோக் சி கோயில் பக்கம் ஏறும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. 1923ஆம் ஆண்டு முதல் மலை ரயில் ஓடும் ஊர் இது. சரிவு எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். வீட்டு ஐஸ் பெட்டியில் இடம் போதாதபோது அம்மா தேங்காயையும் கோயிலுக்குக் கட்டிய பூவையும் வேனில் கொண்டுபோய் வைப்பார். அதனால் பல மாதங்களாக அது வாசலில் கரண்டு குடித்துக்கொண்டு ஓடியபடியேதான் இருந்தது.

அந்தப் பெட்டி ஏன் செத்தது என்று அண்ணன் விளக்கினார். வீட்டு ஐஸ் பெட்டியில் கம்ப்ரஸர் என்ற மோட்டார் இருக்கிறது. அது வாயுவை அழுத்திச் சுற்ற வைக்கிறது. இந்த வகைப் பெட்டியில் மோட்டாரே கிடையாது. அமோனியா கலந்த தண்ணீரைக் கீழே ஒரு சுடரோ மின் கம்பியோ சூடாக்கும். அமோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் வாயு இருக்கும் குழாயில் மறுபடி ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும். எல்லாமே தானாக வழிந்து ஓடுவதுதான். சாய்ந்து நின்றால் திரவம் ஒரு மூலையில் தேங்கிவிடும், கீழே கொதிகலன் வறண்டு காயும், உள்ளே துரு வராமல் காக்கும் ரசாயனம் கட்டியாகிக் குழாயை அடைக்கும். அடைத்தால் அடைத்ததுதான். பல மாடல்களின் கையேட்டில் 3 டிகிரிக்கு மேல் பக்கவாட்டில் சாயக்கூடாது என்று இருக்கிறது. ஓடும் வண்டியில் ஆட்டம் மாறி மாறி வருவதால் பாதகமில்லை. சாய்ந்தபடியே நிற்பதுதான் ஆபத்து.

அண்ணன் சொல்லி முடித்ததும், வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அது மண்ணெண்ணெய்ப் பெட்டி மாதிரிதானே?"

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். லயத்தில் கரண்டு இல்லாத காலம். பங்களாச் சமையலறையில் மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டி ஒன்று இருந்ததாம். "கீழே விளக்கு எரியும், மேல ஐஸ் கட்டி இருக்கும். நெருப்பு வெச்சா எப்படி ஐஸ் வரும்னு எனக்குப் புரியவே இல்லை. சமையக்காரர் அதைத் தொட விடமாட்டார். கால் அடியில பலகைத் துண்டு செருகி, மேல ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு மட்டம் பார்ப்பார். கோணலா இருந்தா குளிராதுன்னு சொல்லுவார்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீ கேக்கலையே தம்பி. நீ இஞ்சினியர். உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?"

அந்த பதில் என்னை வெகு நாள் உறுத்தியது. பெட்டி குளிரவில்லை என்பதைப் பயணத்தில் அவர் சொல்லாததற்கும் இதுதானே காரணம்?

பின்னர் படித்துப் பார்த்தேன். 1922இல் ஸ்டாக்ஹோமில் பல்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் வடிவமைத்த முறை அது. 1925இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐன்ஸ்டைன்கூட லியோ சிலார்டுடன் சேர்ந்து மோட்டார் இல்லாத ஒரு குளிர்பெட்டிக்கு 1930இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கரண்டு எட்டாத இடங்களுக்கு இந்த முறை ஒரு வரப்பிரசாதம். அம்மா பார்த்த பங்களாப் பெட்டியும் என் வேனில் இருந்த பெட்டியும் ஒரே குடும்பம்தான். சமதரையில், குளிர்ந்த நாட்டில் அது நன்றாகவே உழைக்கும். வெயில் ஏற ஏறத் திணறும். எங்கள் வாசல் வெயிலும் சரிவும் சேர்ந்த இடம்.

அதே வகையில் புதிது வாங்கினால் விலையும் அதிகம், சரிவும் அப்படியேதான் இருக்கும். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் பெட்டி நல்ல தேர்வுதான், ஆனால் நாங்கள் பார்த்தவை கொடுத்த காசுக்குச் சிறியவை. கடைசியில் வீட்டுக்கு வாங்கும் இரண்டு கதவுப் பெட்டியையே வைப்பது என்று முடிவானது. கெட்டால் பழுது பார்க்க ஆயர் ஈத்தாமிலேயே ஆள் இருக்கிறது.

சொல்வது சுலபம். வேன் கதவு 58 சென்டிமீட்டர், பெட்டி 54.5. கதவுகளைக் கழற்றித்தான் உள்ளே நுழைத்தோம். பழைய பெட்டியின் கேஸ் குழாயை அதற்கென்று உரிமம் உள்ளவரை வைத்து அடைத்தோம். அதில் சிக்கனம் கூடாது. சுவரில் அதற்கென்று இருந்த காற்றுத் துளைகளையும் மழை புகாமல் மூடினோம். பெட்டியை ஆடாமல் நிறுத்தப் பக்கவாட்டில் திருகாணி போடப் போனேன். அண்ணன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். இந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. ஒரு துளை போட்டால் பெட்டி போச்சு. அதனால் மரச்சட்டம் கட்டி, பட்டையால் இறுக்கி, இரண்டு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டோம். வளைவில் திறந்துகொள்ளாமல் இருக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள். சாய்த்துத் தூக்கியதால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே கரண்டு கொடுத்தோம்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. பழைய பெட்டி பேட்டரியில் ஓடும்போது அதன் சூடாக்கி சுமார் 150 வாட் விடாமல் இழுக்கும், ஒரு நாளைக்கு 3.6 யூனிட். புதியது நம் வெப்பத்தில் நாளுக்கு ஏறத்தாழ 0.8 யூனிட். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் தின்னும். அதற்கு 0.3 வைத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 2.5 யூனிட் இருக்கும். அதாவது வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள். கூரையில் 400 வாட் சோலார் பேனல், நல்ல வெயில் நாளில் செலவை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. மலிவான இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் கேட்கும். தூய சைன் அலை தரும் வகையே மோட்டாருக்கு நல்லது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைவிட பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும்தான் அதிகம் செலவானது. பழையது சத்தமே போடாது. இது ராத்திரியில் முனகுகிறது என்று மனைவி சொல்கிறாள். பேட்டரி தீர்ந்தால் குளிரும் தீர்ந்தது. ஆனால் உள்ளே இப்போது ஒரு வெப்பமானி இருக்கிறது, அது 4 காட்டுகிறது. வாசலில் அப்படியே சாய்ந்து நின்றாலும் 4தான். இன்சுலினை உறைபெட்டிக்கு அருகில் வைப்பதில்லை, உறைந்தாலும் அது கெட்டுவிடும். நடுத்தட்டில், மூடியுள்ள டப்பாவில் வைக்கிறோம். அது அம்மாவின் தட்டு. வேறு யாரும் அதில் எதையும் வைக்கக்கூடாது.

முதல் பயணமாக அம்மாவை அவர் பிறந்த தோட்டத்துக்கே கூட்டிப் போனேன். பினாங்குப் பாலம் தாண்டும்போதே பேசத் தொடங்கியவர், சுங்கை பட்டாணி தாண்டியும் நிறுத்தவில்லை. இந்த முறை நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். டிரெஸ்ஸர் எந்த மருந்து கொடுப்பார், பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுவார்கள், பங்களாச் சமையல்காரர் எந்த ஊர்க்காரர். ரப்பர் மரங்கள் போய் எங்கும் செம்பனை. லயம் இருந்த இடம் தெரியவில்லை. கோயில் மட்டும் இருந்தது. சாமி கும்பிட்டு வந்து, வேனில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு, குளிர்ந்த மோர் குடித்தார்.

வீடு திரும்பி வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பைகளை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், ஐஸ் பெட்டியின் மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அம்மா குனிந்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு அது தேவையில்லைம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு தேடப் போனேன்.