பெட்டியில் 330, கையில் 248

1.
சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால்னு எழுதுற ஆள் இன்னைக்கு வில், அம்பு பற்றி எழுதப் போறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். ஒரு மானுக்கு நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். இங்கே உரிமம் வாங்கி, சீசனில் மான் வேட்டையாடுவது சட்டப்படி சரி. இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் கிளம்ப வேண்டாம்.

2.
இங்கே செப்டம்பர் நடுவில் வில் சீசன் தொடங்கும். என் நோயாளிகளில் பாதிப்பேர் அந்த மாதம் அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போடுவார்கள். அப்படி என்னதான் இருக்குன்னு கேட்கப் போய்த்தான் நானும் மாட்டினேன்.

இவர்கள் வைத்திருப்பது காம்பவுண்ட் வில். மிசௌரி மாநிலத்துக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-ல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு. இரண்டு முனையிலும் கப்பி மாதிரி சக்கரங்கள் இருக்கும். முழுசா இழுத்துப் பிடித்தபின் கையில் தாங்க வேண்டிய கனம் பெருமளவு குறைந்துவிடும். அதனால் நிதானமாகக் குறி பார்க்கலாம்.

3.
நான் வாங்கிய வில்லின் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: வினாடிக்கு 330 அடி. மணிக்கு 362 கிலோமீட்டர்! பத்து பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது எப்படிப்பட்ட கைக்குச் சொன்ன எண் என்பதை நான் படிக்கவில்லை. 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு நீளம், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு. இதுதான் கம்பெனிகள் வேகத்தை அளக்கும் வழக்கமான கணக்கு.

4.
'கிரெய்ன்' என்றதும் டாக்டர்களுக்கு ஒரு சிரிப்பு வரும். நம்ம பழைய பார்மசி அளவு அது. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். ஆஸ்பிரின் மாத்திரை ஏன் 325 மில்லிகிராம் என்ற விசித்திரமான எண்ணில் வருகிறது? அது 5 கிரெய்ன், அதனால்தான்.

அம்புக்கும் இதே 5 ஒரு எல்லைக்கோடு. இழுவிசை ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெய்ன் அம்பு எடை வேண்டும். அதற்குக் கீழே போனால் அம்பே இல்லாமல் நாணை விட்ட மாதிரி, மிச்ச சக்தி முழுக்க வில்லையே தாக்கும். வில் உடையலாம், பக்கத்தில் இருக்கும் கையும் முகமும் காயப்படலாம்.

5.
இப்போ என் கணக்குக்கு வருவோம். இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, 2.5-ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் தோராயமாக வரும். எனக்கு வந்தது 27 அங்குலம். நான் இழுப்பது 60 பவுண்டு.

ஒரு அங்குலம் குறைந்தால் வேகம் சுமார் 10 அடி குறையும். எனக்கு 3 அங்குலம், ஆக 30 போச்சு.
ஒரு பவுண்டு குறைந்தால் சுமார் 2 அடி. எனக்கு 10 பவுண்டு, ஆக இன்னொரு 20 போச்சு.
நாணில் கட்டும் குறிவளையம், பிடிவளையம் எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம்.

குரோனோகிராஃப் வைத்து அளந்தபோது, அதே 350 கிரெய்ன் அம்பு என் கையிலிருந்து போன வேகம் 271.

6.
ஆனா இதை நான் அளந்தது முதல் சீசன் முடிந்த பிறகு. அதுதான் தப்பு.

அந்த சீசனில் என் மனசில் 330 மட்டும்தான் இருந்தது. வேகம் குறையக் கூடாதுன்னு லேசான அம்பு, மெல்லிய குழல், உடலில் பட்டதும் விரியும் வகை முனை. அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, 30 யார்டு தூரத்தில் ஒரு பெட்டை மான். தோள்பட்டைக்குப் பின்னால் நுரையீரலைக் குறி பார்த்து விட்டேன்.

7.
30 யார்டு என்பது 90 அடி. நாண் அதிரும் சத்தம் அந்த மானை எட்ட 0.08 வினாடி போதும். என் அம்புக்கு 0.33 வினாடி. நடுவில் கால் வினாடி மிச்சம்.

பாய்ந்து ஓட முதலில் மான் காலை மடக்கி உடலைத் தாழ்த்தும். அதற்குக் கால் வினாடி தாராளம். மான் தாழ்ந்தது, அம்பு மேலே ஏறித் தோள்பட்டை எலும்பில் பட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கு.

330 அடி வேகமே கிடைத்திருந்தாலும் 0.27 வினாடி ஆகியிருக்கும். எந்த வில்லும் ஒலியை முந்தாது.

8.
பாதி அம்பு உடைந்து கீழே கிடந்தது. பத்து பதினைந்து சொட்டு ரத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்லை. என் நோயாளி ஒருவர், மாட்டுப்பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்ற பெரியவர், டார்ச்சோடு வந்தார். நள்ளிரவு வரை தேடினோம். விடிந்ததும் மறுபடி தேடினோம். கிடைக்கவில்லை.

எலும்போடு நின்ற காயம் என்றால் அந்த மான் பிழைத்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். வலியைக் குறைக்கிறதே தொழிலாக இருக்கிறவன் நான். ஒரு உயிருக்கு வலியைக் கொடுத்துவிட்டு, முடிவும் தெரியாமல் திரும்பி வந்தேன். திங்கட்கிழமை ஓபியில் மனசு வேலையிலேயே இல்லை.

9.
அடுத்த வாரம் பெரியவர் செக்கப்புக்கு வந்தார். பிரஷர் பார்க்கும்போது கேட்டார்: "டாக்டர், என் வெயிட் பார்க்காம எனக்கு டோஸ் எழுதுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப உங்க வில்லுக்கு மட்டும் ஏன் பெட்டியில் இருந்த டோஸை எடுத்தீங்க?"

மருத்துவப் புத்தகங்களில் 70 கிலோ 'சராசரி மனிதர்' ஒருத்தர் வருவார். எல்லா டோஸும் அவருக்கு எழுதியது. எதிரே உட்கார்ந்திருக்கும் 48 கிலோ பாட்டிக்கு அதை அப்படியே கொடுக்கக் கூடாது என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். எனக்குப் பதில் வரவில்லை.

10.
அதன்பின்தான் உட்கார்ந்து அளந்தேன். அதே வில், அதே கை, மூன்று அம்புகள்:

350 கிரெய்ன்: வேகம் 271, ஆற்றல் 57 அடி-பவுண்டு
430 கிரெய்ன்: வேகம் 248, ஆற்றல் 59
520 கிரெய்ன்: வேகம் 227, ஆற்றல் 59.5

கணக்கு சுலபம். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240-ஆல் வகுக்க வேண்டும்.

கவனிச்சீங்களா? வேகம் 44 அடி விழுந்தும் ஆற்றல் குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. கனமான அம்பு வில்லின் சக்தியை அதிகமாக வாங்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் வில்லின் அதிர்வும் சத்தமும் குறைகிறது.

உந்தத்தைப் பாருங்கள். அது வெறும் எடை பெருக்கல் வேகம். 350-லிருந்து 520-க்குப் போனால் சுமார் 24 சதவீதம் கூடுகிறது. தடையில் பட்ட பிறகும் அம்பு தொடர்ந்து உள்ளே போக இது உதவுகிறது.

11.
இது ஏன் முக்கியம்? துப்பாக்கிக் குண்டு வேறு, அம்பு வேறு. வேகமான ரைபிள் குண்டு போகும் வழியில் சுற்றியுள்ள திசுவையும் விரித்துக் கிழிக்கும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. அது கத்தி மாதிரி வெட்டும், ரத்த இழப்பால் கொல்லும். இரண்டு நுரையீரலையும் கடந்து மறுபக்கம் வெளியே வந்தால் மான் சில வினாடிகளில் விழும். கீழே வெளிவாசல் இருந்தால் ரத்தத் தடமும் கிடைக்கும். பாதியில் நின்றால் இரண்டு பக்கமும் கஷ்டம்.

12.
அப்படின்னா கனம்தான் எல்லாமா? இல்லை. கனமான எலும்பை உடைக்க 650 கிரெய்ன் வேண்டும் என்கிறார் அமெரிக்காவின் டாக்டர் எட் ஆஷ்பி. அவர் பெரிய விலங்குகளையும் மனதில் வைத்துச் சொல்வது. என் 60 பவுண்டு வில்லில் அதைப் போட்டால் அம்பு ரொம்ப வளைந்து போகும். அம்புத் தயாரிப்பாளர் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணைப்படி மானுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு போதும். என் மூன்று அம்பிலுமே அது தாண்டியிருந்தது.

தூரத்தைத் தப்பாகக் கணித்தால் கனமான அம்பு அதிகம் தண்டிக்கும். 35 யார்டை 30 என்று நினைத்து விட்டால், 350 கிரெய்ன் அம்பு சுமார் 4 அங்குலம் கீழே போகும். 520 சுமார் 6 அங்குலம். ரேஞ்ச் ஃபைண்டர் இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

நான் நடுவில் நின்றேன். 430 கிரெய்ன், 248 அடி. விரியாத, நிலையான பிளேடு முனை.

13.
ஆனால் உண்மையான மருந்து அம்பில் இல்லை, தூரத்தில் இருந்தது. அடுத்த சீசனில் 20 யார்டுக்கு மேல் விடுவதில்லை என்று முடிவு எடுத்தேன். ஒரு மாலை 32 யார்டில் அழகான கொம்பன் ஒன்று வந்து நின்றது. கை துடித்தது. விடவில்லை. அது போய்விட்டது.

பதினொரு நாள் கழித்து 18 யார்டில் ஒரு பெட்டை மான். அம்பு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் மண்ணில் குத்தி நின்றது. அறுபது அடிக்குள் விழுந்தது. பெரியவருக்குப் பாதி இறைச்சி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரே கேள்வி: "இந்த வருஷம் எத்தனை வேகம்?"

"248" என்றேன்.

"ம், இது உங்க டோஸ்."

14.
இதைச் செய்கிற நம்மவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு:

பெட்டி எண்ணை மறந்துவிட்டு, உங்கள் அம்பை எடை போடுங்கள், குரோனோகிராஃபில் அளங்கள்.
ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன் கார்பன் அம்பை மெல்ல வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். உடைந்தால் சிலாம்புகள் கையில் ஏறும்.
மரத்தில் ஏறினால் முழு உடலையும் தாங்கும் பாதுகாப்பு ஹார்னஸ் கட்டாயம்.

மற்றவர்களுக்கு: லேபில் எழுதிய 'நார்மல்' எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், அது யாருக்கு நார்மல் என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த முதல் மானின் உடைந்த அம்பு இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கு.