முற்றத்தில் ஒரு பிளக்

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். மண்ணெண்ணெயில் கார்கள் ஓடியதையும் கண்டிருக்கிறேன். 2022 இல் மறுபடியும் பெற்றோல் வரிசை. அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வழியின்றி நின்ற நாளில்தான் மின்சாரக் கார் வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

சேமிப்போடு சங்கிலியையும் விற்று, சென்ற வருடம் பழைய நிசான் லீஃப் ஒன்று வாங்கினேன். "கரண்ட் கார் வீட்டை எரிச்சுப்போடும் பிள்ளை" என்று அம்மா பயந்தார். அந்தப் பயம் வீணல்ல. வயரிங் பார்க்க வந்த தம்பி, "அக்கா, உங்கட வீட்டில எர்த் வயரே இல்லை" என்றார். இடம்பெயர்ந்து திரும்பி வந்து அவசரமாகக் கட்டிய வீடு. இத்தனை வருடமும் அப்படியே இருந்திருக்கிறோம்!

எர்த் கம்பி இறக்கி, ட்ரிப் சுவிட்ச் பூட்டி, காருக்கென்றே தனி வயர் இழுத்தார். இடையில் நீட்டு வயர் கொழுவ வேண்டாம், அது சூடேறும் என்றும் சொன்னார். 230 வோல்ட்டில் 10 அம்பியர் எடுத்தால் மணித்தியாலத்துக்கு இரண்டேகால் யூனிட் அளவில் ஏறும். இரவில் கொழுவினால் விடிய கிளினிக் போய்வரப் போதும்.

இப்போது அம்மா நிம்மதியாக நித்திரை கொள்கிறார். சகோதரிகளே, கார் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டு எர்த் வயரை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.